நிழல் சாய்வில் ஏழு பேர்

போன ஏப்ரலில், ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற அம்மருட் பகுதிப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் பழஞ்சாமான் சந்தை போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்காக வருடத்தில் இரண்டு தரம் நடக்கிற விசயம். நான் போனது ஒரு பெரிய பானை அகப்படுமா என்று பார்க்க. பானை அகப்படவில்லை. புத்தகப் பெட்டிக்குள் கையை விட்டேன், பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

இப்படித் தொடங்கினால் ஏதோ இதமான கதை வரப்போகிறது என்று நினைத்து நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு சாய்ந்து உட்காரக்கூடும். வேண்டாம், நிமிர்ந்தே இருங்கள். எனக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. மனைவி சொல்கிறாள், உந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் எங்கேயாவது எறியுங்கோ, உங்கடை பிறசர் குளிசை வேலை செய்யுதில்லை என்று.

தடித்த பச்சை மட்டைப் புத்தகம். மூன்றாம் பாகம். நோர்வேயில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இப்படி ஓர் ஊர்ப்புத்தகம் வைத்திருப்பார்கள். காணி காணியாக, வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் ஆர் பிறந்தார், ஆரைக் கட்டினார், எப்போது கண்ணை மூடினார் என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதி வைப்பார்கள். என் கையில் அகப்பட்டது நான் ஒஸ்லோவுக்கு வருவதற்கு முதல் நாலு வருடம் இருந்த பள்ளத்தாக்கின் புத்தகம். நெஞ்சு பக்கென்றது. சந்தோசத்தில்தான். நின்ற நிலையிலேயே பக்கங்களைப் புரட்டி எங்கள் வீட்டைத் தேடினேன். பக்கா என்று அந்த வீட்டுக்குப் பெயர். அகப்பட்டது.

"அதன்பின் வீடு பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது."

அவ்வளவுதான். ஒரு வரி. அந்தப் பல ஆண்டுகளில் நாலு ஆண்டு அங்கே ஏழு பேர் வரைக்கும் சமைத்துச் சாப்பிட்டு, சண்டை பிடித்து, வரிசையில் நின்று குளித்திருக்கிறோம். அதே பக்கத்தின் மேல்பகுதியில், இருநூறு வருடத்துக்கு முந்தி பக்காவில் இரண்டு பசுவும் ஆறு ஆடும் ஒரு பன்றியும் இருந்ததாகக் கவனமாக எழுதியிருக்கிறார்கள். பன்றி இருக்கிறது ஐயா! நாங்கள் இல்லை. புத்தகத்தை அடித்து மூடின சத்தத்துக்கு, கேக் விற்றுக்கொண்டிருந்த வாத்தியக் குழுத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வாசம் வந்தது. ஈரமும் உருளைக்கிழங்கும் பழைய மண்ணும் கலந்த நிலவறை வாசம். பக்காவின் குசினிக்குக் கீழேயும் அப்படி ஒரு நிலவறை இருந்தது. பலகையைத் தூக்கினால் ஏணி. அதற்குள்தான் நாங்கள் வெங்காயச் சாக்கும் அரிசிச் சாக்கும் வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை ஒருவன் ரயில் ஏறி ஒஸ்லோவுக்கு வந்து, குறொன்லாண்ட் கடைகளில் மிளகாய்த்தூளும் பருப்பும் வாங்கி முதுகில் சுமந்துகொண்டு போவான். பையிலிருந்து தூள் கசிந்து பெட்டி முழுக்கத் தும்மல். ஒரு கிழவி கன்டக்டரைக் கூப்பிட்டு இடம் மாறி இருந்திருக்கிறாள். அதையெல்லாம் ஆர் எழுதுவது?

சரி, இடத்தைச் சொல்கிறேன். ஒஸ்லோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியால ரயில், பிறகு பஸ். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடக்கும். நடுவில் ஆறு. வடகரை வெயில் பக்கம், தென்கரை நிழல் பக்கம். தென்கரைக்கு முதுகில் மலை. நவம்பர் நடுவில் அந்த மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் பெப்ரவரியில்தான் மறுபடி தலையைக் காட்டும். தேவாலயம், பள்ளிக்கூடம், கடை, முதியோர் இல்லம், நல்ல காணிகள் எல்லாம் வெயில் பக்கம். சுடுகாடுகூட, அவர்களுடைய கணக்கில் இடுகாடு, வெயில் பக்கம்தான். செத்த பிறகும் அவர்களுக்குக் குளிரக் கூடாது. நிழல் பக்கத்தில் இருந்தவை மூன்று: காடு, சிலேட்டுக்கல் பிளக்கிற தொழிற்சாலை, நாங்கள்.

எனக்கும் வேறு இரண்டு பேருக்கும் விசா கிடைத்து, அந்தத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. கல்லை நிமிர்த்தி வைத்து, உளியை வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். கூரைக்குப் போடுகிற கல். முதல் மாதம் நான் பிளந்ததெல்லாம் உடைந்த அப்பளம். பக்காவை வாடகைக்குத் தந்தவர் வெயில் பக்கத்துப் பெரிய காணிக்காரர். மூன்று பேர், அதற்கு மேல் ஒருத்தர்கூட ஆகாது, கிணற்றில் தண்ணீர் போதாது என்று விரலைக் காட்டிச் சொன்னார். தலையாட்டினோம். அடுத்த வருடம் ஏழு பேராகிவிட்டோம். பிறகு வந்தவர்களில் ராசனும் பாலனும் இன்னும் விசா கிடைக்காதவர்கள். வடக்கே எங்கோ கடலோரத்து அகதி முகாமில் இருக்கவேண்டிய ஆட்கள். தமிழ்க் குரல் கேட்காமல் விசர் பிடிக்கப் பார்த்து, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் ரயில் ஏறி வந்துவிட்டார்கள். பிடிபட்டால் வழக்குக்குக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

பாலனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். பாலச்சந்திரன். என் வயது. ஊரில் உயர்தரத்தில் புவியியல் படித்தவன். சோதனை எழுதினான், மறுமொழி வர முதல் சண்டை வந்துவிட்டது. ஆறும் மலையும் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையைப் பாடமாக்கியவன். பனியாறு, யூ வடிவப் பள்ளத்தாக்கு, தொங்கு பள்ளத்தாக்கு என்று படம் கீறிக் கீறி நெட்டுருப் போட்டதெல்லாம், இங்கே பஸ்ஸை விட்டு இறங்கின உடனே கண் முன்னால் நின்றால் மனிசன் என்ன செய்வான்? சூட்கேசைப் பனிக்குள் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"மச்சான், உங்கை பார், உந்த அருவி விழுகிற இடம். தொங்கு பள்ளத்தாக்கு! பெரிய பனியாறு கீழை ஆழமா வெட்டிக்கொண்டு போட்டுது, சின்னனாலை அவ்வளவு வெட்ட ஏலேல்லை. அதுதான் அந்தரத்திலை நிக்குது. அப்பிடியே எங்கடை புத்தகத்துப் படம்!"

"முதல் சூட்கேசைத் தூக்கடா பேயா, உடுப்பெல்லாம் நனையுது," என்றேன் நான்.

அவன் வேலைக்குப் போக முடியாது. பகல் முழுக்க வீட்டில் அடைபட்டுக் கிடப்பான். கலண்டர் தாள்களின் பின்பக்கம் பள்ளத்தாக்கைக் குறுக்காக வெட்டிப் படம் கீறுவான். வெயில் சாய்வு, நிழல் சாய்வு என்று அழகாகப் பெயரிடுவான். ஒருநாள் கறி கிண்டிக்கொண்டே சொன்னான்: "ஆல்ப்ஸிலை நிழல் சாய்விலை ஆக்கள் குடியிருக்கிறது குறைவு, அங்கை காடுதான் எண்டு படிச்சனான்." ராசன் கேட்டான், "அப்ப நாங்கள் மரமோ?" அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சந்தையில் நான் புரட்டின புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் அதே குறுக்குவெட்டுப் படம் அச்சாகியிருக்கிறது. பாலன் கீறினது இதைவிடத் திருத்தம். பகிடிக்குச் சொல்லவில்லை, இதில் தொங்கு பள்ளத்தாக்கே இல்லை.

அந்த ஊர்ச் சனத்துக்கும் வரலாறென்றால் உயிர். எந்தக் காலத்திலோ மலை சரிந்து மூன்று காணிகளை விழுங்கினதைப் போன கிழமை நடந்ததுபோலச் சொல்வார்கள். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்ற கிழவர், தன் பூட்டனின் தம்பி அமெரிக்காவுக்குப் போனதைச் சொல்லும்போது கண் கலங்குவார். அந்தத் தம்பியும் புத்தகத்தில் இருக்கிறார். அமெரிக்காவில் எத்தனை குதிரை வைத்திருந்தார் என்பது வரைக்கும். போனவன் இருக்கிறான், வந்தவன் இல்லை. இது என்ன நியாயம் என்று அன்றிரவு மனைவியிடம் கத்தினேன். அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

கத்திக் களைத்த பிறகுதான் அந்தப் பெப்ரவரி ஞாபகம் வந்தது. வந்திருக்கவே கூடாது.

சூரியன் திரும்பி வருகிற நாளில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இனிப்புப் பணிஸ் கொடுப்பார்கள். நிழல் பக்கத்துக்கு வெயில் வர இன்னும் சில நாள் எடுக்கும். வந்தாலும் முதல் நாள் கால் மணித்தியாலம்தான். நாங்கள் ஏழு பேரும் கம்பளிக் காற்சட்டைக்கு மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் வெயிலுக்கு முகத்தைக் காட்டி நின்றோம். பாலன் பூமியின் சாய்வைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர் உதைசறுக்கு வண்டியில், ஒரு காலால் உதைந்து உதைந்து, வருவது தெரிந்தது. கைபிடியில் ஒரு தோல் பை தொங்கியது. அவ்வளவுதான். மற்ற ஆறு பேரும் உள்ளே. எனக்குத்தான் மொழி கொஞ்சம் வரும், விசாவும் இருக்கிறது, அதனால் நான் வாசலில்.

இளைப்பாறிய ஆசிரியராம். ஊர்ப்புத்தகக் குழுவிலிருந்து வருகிறாராம். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள்? பெயர், பிறந்த ஊர், பெற்றோரின் பெயர். அவ்வளவு போதும்," என்றார் நோர்வேஜிய மொழியில், நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கவேண்டும் என்று.

நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். எங்கள் ஊரில் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே எத்தனை பேர் என்று ஆர் கேட்டு எழுதுவது? ஆமி. எழுதின பிறகு அந்த எண்ணிக்கை குறையும். அதற்கு மேலே மூன்று பேர் என்ற வாடகைப் பேச்சு, கிணறு, முகாமை விட்டு ஓடிவந்த இரண்டு பேர். படிவத்தைக் கண்டதும் கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினேன். குளிருக்கு என்று அவர் நினைத்திருப்பார்.

"ஒருத்தரும் இல்லை. வீடு சும்மா கிடக்கு. நான் சும்மா பார்க்க வந்தனான்," என்றேன்.

சாரத்தோடு. புகைபோக்கியால் புகை போகிறது. உள்ளே வெங்காயம் வதங்குகிறது. வாசற்படியில் ஏழு சோடி சப்பாத்து. ஐயோ, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்னை அறையவேண்டும்போல் இருக்கிறது. அவர் சப்பாத்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தில் ஏதோ எழுதினார். அந்த ஊர் மரியாதை அப்படி. ஒருவன் வாசலில் நின்று வீட்டைப் பற்றி ஒன்று சொன்னால், அதை மறுத்துக் கேட்கக் கூடாது. "சூரியன் வந்துவிட்டது, நல்லது," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

உள்ளே போனேன். பாலன் கதவுக்குப் பின்னால் நின்றான்.

"என்னவாம் மச்சான்?"

"இஞ்சை ஆர் இருக்கிறது எண்டு கேக்கிறார். ஊர் வரலாறு எழுதுகினமாம். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"எட விசரா! வரலாறெல்லோ எழுத வந்திருக்கிறார். என்ரை பேரைக் குடுத்திருக்கலாமே."

"வாயை மூடிக்கொண்டு கிட. பேர் போச்செண்டால் அடுத்த பிளேனிலை நீயும் போவாய்."

சிரித்தான். சிரித்தாலும் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. இப்போது நினைக்கத்தான் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அடுப்பில் வெங்காயம் கருகுகிற கவலை.

மூன்று கிழமை கழித்து பாலனுக்கு வயிற்றுக் குத்து வந்தது. வாய்வு என்றான். உள்ளி சுட்டுக் கொடுத்தோம், இஞ்சி அவித்துக் கொடுத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல். டொக்டரிடம் போவோம் என்றால், விலாசம் கேட்பார்கள் என்றான். விலாசம்! நானும் ஓம் என்று பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவன் முனகவும் மாட்டாமல் கிடந்தபோதுதான் தொழிற்சாலைக் கிழவரின் காரைக் கெஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடல்வால் வெடித்து உடம்பு முழுக்க நஞ்சாகிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் என்று ஒரு தாதி தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அங்கேயும் விலாசம் கேட்டார்கள். அவன் செத்த பிறகும் நான் வடக்கு முகாமின் விலாசத்தைத்தான் எழுதினேன். சாம்பலைப் பக்காவுக்குக் கீழே பாலத்தடியில் ஆற்றில் கரைத்தோம். அனுமதி எடுக்கவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டோம்.

ஊரில் பாலனின் வீடு ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், அத்திவாரமும் மிஞ்சவில்லை. தாய் இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போனார். வேறு பிள்ளைகள் இல்லை. அவன் இந்த உலகத்தில் ஓர் இடத்தில் இருந்தான் என்று சொல்ல இருந்திருக்கக்கூடிய ஒரே தாள் அந்த ஆசிரியரின் கையில் இருந்தது. இதை நான் முப்பத்தைந்து வருடம் கழித்து, ஒரு பழஞ்சாமான் சந்தையில் நின்று கண்டுபிடித்திருக்கிறேன். கெட்டிக்காரன்!

விடுவேனா? புத்தகக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அதற்கு ஒரு இளம் பெண் செயலாளர். நல்ல பிள்ளை, பாவம், என் சத்தத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டது. பழைய படிவத்தைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டியது. வீடு ஆளின்றிக் கிடக்கிறது, வாசலில் நின்ற மனிதர் சொன்னார், என்றுதான் எழுதியிருந்ததாம்.

"அது பிழை. ஏழு பேர் இருந்தோம்," என்றேன்.

"அதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?"

"நான்தான் ஆதாரம்!"

படிவத்தை மறுபடி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் பணிவாக, "அப்போதும் ஆதாரம் நீங்கள்தானே," என்றது.

கோபத்தில் எனக்கு நோர்வேஜிய மொழியே மறந்துபோய்விட்டது. தமிழில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை காத்திருந்து, இன்னொருவரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் நல்லது, வருடாந்தச் சஞ்சிகையில் திருத்தம் போடலாம், பெயர்களும் போடலாம் என்றது.

ஏழு பேரில் மிச்சம் யார்? பாலனைத் தவிர இன்னும் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் கனடாவில், மகளையே அடையாளம் தெரியாத நிலையில். ராசன் மட்டும் பேர்கனில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, சொந்த வீடு, பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அவனுக்கு எடுத்தேன்.

"அண்ணை, அந்தக் காலத்திலை நான் மொத்தாக்கிலை, உந்த வடக்கு முகாமிலை, இருந்தனான் எண்டெல்லோ இமிகிரேசன் பேப்பரிலை கிடக்கு. இப்ப போய் இல்லை, வேறை இடத்திலை இருந்தனான் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லுறியள்."

"எடேய், உனக்குக் குடியுரிமை கிடைச்சு எத்தினை வருசம்!"

"குடுத்ததைத் திருப்பிப் பறிக்கிறாங்களாம் அண்ணை. நியூசிலை சொன்னவங்கள்."

"பாலன்ரை பேருக்காகக் கேக்கிறனடா."

"பாலன் செத்துப்போனான் அண்ணை. நான் இருக்கிறன்."

போனை அடித்து வைத்தேன். கோதாரி விழுவான் என்று வீடு அதிரத் திட்டினேன். கோழை, நன்றி கெட்டவன், ஒரு கோப்பையில் சாப்பிட்டவன், எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தபோது, வாசலில் சாரத்தோடு நின்றவன் சொன்னதும் இதே கதைதான் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு ராசனோடு கதைக்கவில்லை. கோபத்தாலா வெட்கத்தாலா என்று எனக்கே தெரியாது.

தனியே கையெழுத்து வைத்தேன். மகள் துளசிதான் கடிதத்தை நல்ல நோர்வேஜிய மொழியில் எழுதித் தந்தாள். ஏழு பேரின் பெயரும் எழுதினோம். பாலனுக்கு மட்டும் இரண்டு வரி கூட: புவியியல் படித்தவன், இந்தப் பள்ளத்தாக்கை வரைபடமாக வரைந்தவன். அந்தப் படங்கள் எங்கே என்று துளசி கேட்டாள். பக்காவின் சுவரில் விட்டுவிட்டு வந்தோம். அந்த வீட்டைத் தீயணைப்புப் படை பயிற்சிக்காகக் கொளுத்திவிட்டது என்று செயலாளர்ப் பிள்ளை சொல்லியிருந்தது. அங்கே அது வழக்கமாம்.

நேற்றுச் சஞ்சிகை தபாலில் வந்தது. துளசி குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துச் சொன்னாள்.

"பக்கா: முன்னர் அங்கு வசித்ததாகக் கூறும் ஒருவரின் தகவலின்படி, வீட்டில் ஏழு தமிழர்கள் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். அதே நபர் அக்காலத்தில் அளித்த தகவலின்படி, வீட்டில் எவரும் இருக்கவில்லை. எது சரியென்பதை உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே பெயர்கள் வெளியிடப்படவில்லை."

அந்த ஆசிரியர் செத்துவிட்டார். காணிக்காரர் செத்துவிட்டார். கார் தந்த கிழவர் எப்போதோ போய்விட்டார். தொழிற்சாலையை மூடி, வாசலில் சங்கிலி போட்டிருக்கிறார்களாம். பக்கா இருந்த இடத்தில் இப்போது காடு ஏறியிருக்கும்.

"அப்பா, இது சரியான அநியாயம்," என்றாள் துளசி. "ஆதாரம் இல்லையெண்டு எப்பிடிப் பேரை விடலாம்? நீங்கள் அவையோடை இன்னொருக்காக் கதையுங்கோ."

என்ன கதைப்பது? பாலன் அங்கே இருந்தான் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்டார்கள். இல்லை என்று சொன்ன அன்றைக்கு என்னிடம் ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.